இரவல் நாய்

குடை, ஏணி, இட்லிக் கொப்பரை, விருந்தாளி வந்த நேரத்தில் ஒரு டம்ளர் சர்க்கரை... இரவல் வாங்காத குடும்பம் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போக பக்கத்து வீட்டு நெக்லஸை வாங்கிய காலம்கூட உண்டு. (புத்தகத்தை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. திரும்பி வந்தால்தானே அது இரவல்?) ஆனால், நாயை இரவல் வாங்கியிருக்கிறீர்களா? நான் வாங்கியிருக்கிறேன். அதுவும் டச்சு மொழி மட்டுமே தெரிந்த நாயை. ஆறு நாள்களுக்கு.

எதற்கு? அதோடு சேர்ந்து ஓடுவதற்கு.

'டாக் அஜிலிட்டி' என்று ஒரு விளையாட்டு. குதிரைகள் தடை தாண்டுவதை டி.வி-யில் பார்த்திருப்பீர்கள். குதிரையை எடுத்துவிட்டு நாயைப் போடுங்கள். மேலே உட்கார்ந்திருக்கும் ஆளை இறக்கிப் பக்கத்தில் ஓடவிடுங்கள். அவ்வளவுதான். 1978-ல் லண்டனில் நடந்த க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், நிகழ்ச்சிகளுக்கு நடுவே ஜனங்கள் எழுந்து போய்விடாமல் இருக்க என்ன செய்யலாம் என்று யோசித்தார், கமிட்டியில் இருந்த ஜான் வார்லி. பீட்டர் மீன்வெல் என்கிற நாய்ப் பயிற்சியாளரைப் பிடித்து, இப்படி ஒரு வேடிக்கையைத் தயார் செய்யச் சொன்னார். இடைவேளைக்கு வந்த அயிட்டம், மெயின் படத்தையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. 1996-லிருந்து இதற்கு உலக சாம்பியன்ஷிப் எல்லாம் நடக்கிறது.

மைதானத்தில் சுமார் இருபது தடைகள். தாண்டுவதற்குக் கம்பிகள், நுழைந்து ஓட வளைந்த சுரங்கம், 60 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்ட 12 கழிகள் (இவற்றுக்கு நடுவே பாம்பு மாதிரி நெளிந்து வர வேண்டும்), நெஞ்சளவு உயரத்தில் ஓர் ஒற்றைப் பலகைப் பாலம், கூரை மாதிரி ஏறி இறங்கும் பலகை, சீசா. ஏறும் பலகைகளின் அடிப்பகுதிக்கு மட்டும் வேறு வண்ணம் அடித்திருப்பார்கள். இறங்கும்போது நாயின் கால் அதில் பட்டே ஆக வேண்டும். படாமல் தாவினால் 5 புள்ளி அபராதம். கம்பி விழுந்தாலும் 5. தப்பான தடைக்குப் போனால், மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

நாயைத் தொடக் கூடாது. கையில் பிஸ்கட், பந்து கூடாது. கயிறு கிடையாது. தடைகளின் வரிசை ஒவ்வொரு முறையும் மாறும். நாய் இல்லாமல் ஏழெட்டு நிமிடம் நடந்து பார்த்து மனப்பாடம் செய்துகொள்ளலாம், நாம் மட்டும். அந்த ஏழெட்டு நிமிடம் பார்க்க வேண்டிய காட்சி. நாற்பது ஐம்பது பேர் கையை நீட்டிக்கொண்டு, இல்லாத நாயோடு பேசியபடி, திடீர் திடீரென்று திரும்பி ஓடுவார்கள். விஷயம் தெரியாதவர்கள் பார்த்தால் பூசாரியைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

ஆக, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று நாய்க்குத் தெரியாது. நமக்குத்தான் தெரியும். நொடிக்கு ஐந்து மீட்டர் போகிற ஜீவனுக்கு, அடுத்தது எது என்பதை அது முந்தையதைத் தாண்டும் முன்பே சொல்லியாக வேண்டும். மொத்தம் முப்பது, நாற்பது விநாடிகள்.

நான் இதில் மாட்டிக்கொண்டது மெல்போர்னில். எங்கள் வீட்டு நாய் மணி. ஆஸ்திரேலியாவின் ஆடு மேய்க்கும் கெல்பி ஜாதியும் வேறு ஏதோவும் கலந்தவன். (எந்த ஊரில் இருந்தாலும் நாய்க்கு மணிதானே பேர்?) ஆடு இல்லாத வீட்டில் பிறவி மேய்ப்பன் என்ன செய்வான்? எங்களை மேய்த்தான். சோபாவைத் தின்றான். "இவனை எதிலாவது சேர்த்துவிடு" என்றார் என் கணவர், பையனைக் கராத்தேயில் சேர்ப்பதுபோல. சேர்த்தேன். நாலு வருடத்தில் அவனைவிட எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

2019-ல் நெதர்லாந்தில் நடந்த ஒரு சர்வதேசப் போட்டிக்குப் போக வாய்ப்பு வந்தபோது, முதலில் எழுந்த கேள்வி: மணியை எப்படி அழைத்துப்போவது?

பதில்: முடியாது.

ஆஸ்திரேலியாவில் வெறிநாய்க்கடி நோய் கிடையாது. அதை உள்ளே விடாமல் இருக்க, நாய்கள் விஷயத்தில் கெடுபிடி என்றால் அப்படி ஒரு கெடுபிடி. வெளியே போவது சுலபம், திரும்புவதுதான் பெரும்பாடு. ரத்தப் பரிசோதனை, அதற்குப் பிறகு 180 நாள் காத்திருப்பு, வந்து இறங்கியதும் மெல்போர்னுக்கு வெளியே மிக்கிள்ஹாமில் அரசாங்கக் கூண்டில் குறைந்தது 10 நாள் காவல். 2023-லிருந்து சில நாய்களுக்கு அது 30 நாளாகிவிட்டது. பெரிய மனுஷர்களுக்கும் விலக்கில்லை. 2015-ல் ஹாலிவுட் நடிகர் ஜானி டெப்பும் மனைவி ஆம்பர் ஹெர்டும் பிஸ்டல், பூ என்கிற தங்கள் இரண்டு குட்டி நாய்களைத் தனி விமானத்தில் சொல்லாமல் கொண்டுவந்துவிட்டார்கள். "50 மணி நேரத்தில் திருப்பி அனுப்பு, இல்லாவிட்டால் கொன்றுவிடுவோம்" என்றார் விவசாய அமைச்சர் பார்னபி ஜாய்ஸ். நாய்கள் அமெரிக்காவுக்கு ஓடின. அடுத்த வருடம் ஹெர்ட் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொள்ள, கணவனும் மனைவியும் பிணைக்கைதிகள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வீடியோவில் மன்னிப்புக் கேட்டார்கள். ஜானி டெப்புக்கே அப்படி என்றால் பாளையங்கோட்டைக்காரிக்கு?

அதனால் ஆஸ்திரேலியா, நியூஸிலாந்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போகிறவர்களில் பலர் அங்கேயே ஒரு நாயை இரவல் வாங்கி ஓடுவார்கள். கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதுதான் முதல் ஆச்சர்யம். பைக்கைக் கடன் கேட்டாலே முகம் மாறுகிற உலகம் இது.

போனில் அம்மாவிடம் சொன்னேன்.

"ஏட்டி, நாயோட ஓடுறதுக்கு ஏரோப்ளான்ல போறியா?"

"ஆமாம்மா."

"அதுவும் அடுத்தவ நாயோட?"

"ஆமா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிஞ்சாளாம் ஒருத்தி" என்றாள். "மணிக்கு யாரு சோறு வைப்பா?"

இரவல் மிருகத்தோடு ஓடுவது ஒன்றும் புதிதில்லை. ஒலிம்பிக்கில் மாடர்ன் பென்டத்லான் என்று ஒரு போட்டி. அதில் குதிரையேற்றமும் இருந்தது. யாருக்கு எந்தக் குதிரை என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்தது. பழகிக்கொள்ள 20 நிமிடம். டோக்கியோவில் 2021 ஆகஸ்ட்டில், தங்கத்துக்கு முன்னணியில் இருந்த ஜெர்மனியின் ஆன்னிகா ஷ்லொய்க்கு வந்த குதிரை செய்ன்ட் பாய். தாண்ட மாட்டேன் என்று நின்றுவிட்டது. அவர் குதிரை மீதே உட்கார்ந்து அழுததை உலகமே பார்த்தது. பயிற்சியாளர் ஆத்திரத்தில் குதிரையை ஒரு குத்துக் குத்தி, போட்டியை விட்டு வெளியேற்றப்பட்டார். பாரிஸ் 2024-டோடு அந்தப் போட்டியிலிருந்து குதிரையையே எடுத்துவிட்டார்கள். குதிரை பிழைத்தது. அதன் பக்கத்து நியாயத்தை யாரும் கேட்கவில்லை என்பது என் வருத்தம். 20 நிமிடத்தில் பழகிய ஆளை முதுகில் ஏற்றிக்கொண்டு நாமாக இருந்தால் தாண்டுவோமா?

எனக்கு ஆறு நாள் கிடைத்தது. ஸ்வோலெ நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நாயின் சொந்தக்காரர் 61 வயது, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, திரும்பி நடந்தபோதுதான் கவனித்தேன். வலது முட்டி போயிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது.

"மூணு வருஷமா இப்படி. இந்த சீஸன்ல ஓடவே முடியலை. குளிர்காலத்துல ஆபரேஷன். அதுவரைக்கும் இவ சும்மா இருக்கக் கூடாது, பாவம்" என்றார்.

இவள் என்றது பிப். பார்டர் கோலி, பெண், 5 வயது. இங்கிலாந்து - ஸ்காட்லாந்து எல்லையில் ஆடு மேய்க்க உருவாக்கிய ஜாதி. மேய்ப்பவனையும் ஆட்டையும் கண் கொட்டாமல் கவனிப்பதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தவை. பிப் என்னையும் கண் கொட்டாமல் கவனித்தாள். பிறகு போய் அந்த அம்மாளின் காலடியில் படுத்துக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்லணும். கிளப்ல ரெண்டு பசங்க இவளோட ஓடிப் பார்த்தாங்க. நல்லா ஓடற பசங்க. ரெண்டு பேரோடயும் இவ சரியா ஓடலை. ஏன்னு தெரியலை" என்றார்.

அன்றிலிருந்து அவர் செய்ததை நான் செய்வேனா என்று தெரியவில்லை. பிப்புக்குச் சோறு போடுவதை நிறுத்தினார். தடவுவதை நிறுத்தினார். பெயர் சொல்லிக் கூப்பிடுவதைக்கூட. எல்லாம் நான்தான் செய்ய வேண்டும் என்றார். பிப் அவர் நாற்காலியருகில் போய் நின்று முகத்தைப் பார்க்கும். அவர் ஜன்னலைப் பார்ப்பார். மூன்றாம் நாள், பிப் என் அறை வாசலில் வந்து படுத்தது. அவர் படியேறி வந்து, எட்டிப் பார்த்து, "குட்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிப்போனார். அந்தப் படிக்கட்டு எத்தனை நேரம் சத்தம் போட்டது என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பாஷை கற்றுக்கொண்டேன். இடது, 'லிங்க்ஸ்'. வலது, 'ரெஹ்ட்ஸ்'. நில், 'வாஹ்ட்'. சபாஷ், 'ஹூட் ஸோ'. டச்சுக்காரர்களுக்குத் தொண்டைக்குள் ஒரு 'ஹ' இருக்கிறது. மீன்முள் சிக்கிய மாதிரி எழுப்ப வேண்டும். முக்கியமான வார்த்தை 'ஃப்ரை'. விடுதலை என்று அர்த்தம். சீசாவிலும் பாலத்திலும் இறங்கும்போது, பின்னங்கால்கள் பலகையிலும் முன்னங்கால்கள் தரையிலுமாக பிப் சிலை மாதிரி நிற்பாள். 'ஃப்ரை' என்றால்தான் அடுத்த அடி.

ஆச்சர்யம், வார்த்தைகளில் தகராறே இல்லை. என் பாளையங்கோட்டை டச்சைப் பெரிய மனது பண்ணி ஏற்றுக்கொண்டாள். தகராறு திருப்பங்களில். நேரே ஓடும்போது அற்புதமாக வருவாள். வலது பக்கம் வளைய வேண்டிய இடத்தில் 'ரெஹ்ட்ஸ்' என்று கத்துவேன். காதில் விழுந்த மாதிரியே இருக்காது. நீளமாகத் தாவி, பத்தடி தள்ளி இறங்கி, எதிரே கண்ணில் பட்ட சுரங்கத்துக்குள் புகுந்துவிடுவாள். வெளியே வந்து, 'என்ன, சரியா?' என்று என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வையில் குறும்பு இல்லை. நிஜமான குழப்பம் இருந்தது.

நாலாம் நாள் ராத்திரி, அந்த அம்மாள் இவளோடு ஓடிய பழைய வீடியோக்களை லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். ஏழெட்டு முறை பார்த்தும் ஒன்றும் புரியவில்லை. பிறகு சத்தத்தை அணைத்துவிட்டு, வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன்.

வலது திருப்பம் வரும்போதெல்லாம், 'ரெஹ்ட்ஸ்' என்று அவர் வாய் அசைவதற்கு முன்பே, அவர் ஒரு காரியம் செய்தார். வலது காலில் பாரம் போட பயந்து, இடது காலை அழுத்தமாக ஊன்றி, தோளை இறக்கி, ஒரு கணம் தேங்கினார். பிப் அந்தத் தேக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில் தாவலைச் சுருக்கி, உடம்பை வளைத்தாள். வார்த்தை வருவதற்குள் பாதி திரும்பியிருந்தாள்.

நாய்கள் வார்த்தையைவிட நம் தோளையும் காலையும்தான் படிக்கின்றன என்பது இந்த விளையாட்டில் எல்லோரும் அறிந்த பாலபாடம். நாம் வேகத்தைக் குறைத்தால் திருப்பம் வருகிறது என்று அவற்றுக்குத் தெரியும். ஆனால் பிப் போட்டிக்கு வந்ததே இரண்டு வயதில். அப்போதே அந்த முட்டி வலிக்க ஆரம்பித்துவிட்டது. அவளுக்குத் தெரிந்த 'வலது' அந்த நொண்டல்தான். நன்றாக ஓடுகிற பசங்களோடு ஏன் ஓடவில்லை என்றால், அவர்கள் நன்றாக ஓடினார்கள். அதுதான் காரணம்.

கண்டுபிடித்துவிட்டேன். எப்படிச் சொல்வது? ஒருவரின் வீட்டில் சாப்பிட்டு, அவர் நாயையும் வாங்கிக்கொண்டு, "உங்கள் நாய் உங்கள் நொண்டலைத்தான் படிக்கிறது" என்று சொல்ல முடியுமா? காலையில் வீடியோவைக் காட்டினேன். பேசவில்லை. அவர் இரண்டு முறை பார்த்தார். மூன்றாம் முறை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். எழுந்துபோய் காபி போட்டார். முதுகைத் திருப்பிக்கொண்டே கேட்டார்:

"வலியை நான் மறைக்கிறேன்னு நினைச்சுட்டிருந்தேன். பிள்ளைங்ககிட்ட, டாக்டர்கிட்டகூட. இவளுக்கு எல்லாம் தெரியுமா?"

"வலின்னு தெரியாதுங்க. வலதுன்னுதான் தெரியும்" என்றேன்.

திரும்பியவர் கண்கள் சிவந்திருந்தன. ஆனால் சிரித்தார். காபிக் கோப்பையை மேஜையில் வைத்துவிட்டு, "எழுந்திரு" என்றார். பள்ளிக்கூட டீச்சரின் குரல். அடுத்த ஒரு மணி நேரம், அந்தச் சமையலறையில் எனக்கு நொண்டக் கற்றுக்கொடுத்தார். நான் தோளை இறக்கினால், "அது நடிப்பு. முதல்ல இடுப்பு." காலை ஊன்றினால், "இன்னும் கொஞ்சம் வலிக்கணும்." பிப் மேஜைக்கு அடியிலிருந்து எங்கள் நான்கு கால்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போட்டி அன்று இன்னொரு சிக்கல். அவர் கண்ணில் பட்டாலோ, குரல் கேட்டாலோ பிப் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவரிடம் ஓடிவிடுவாள். அதனால் அவர் மைதானத்துக்கே வரவில்லை. கார் நிறுத்துமிடத்தின் கடைசி மூலையில், காருக்குள் உட்கார்ந்து, செல்போனில் நேரடி ஒளிபரப்பைப் பார்ப்பதாக ஏற்பாடு. தன் நாய் ஓடுவதை முந்நூறு மீட்டருக்கு அந்தப் பக்கம் ஒளிந்துகொண்டு பார்க்க வேண்டும்.

முதல் ஓட்டத்தில் ஒரு கம்பி விழுந்தது. 5 புள்ளி. பரவாயில்லை.

இரண்டாவது ஓட்டம்தான். பதினோராவது கம்பியைத் தாண்டியதும் கூர்மையாக வலது பக்கம் திரும்ப வேண்டும். நேர் எதிரே சுரங்கம், வாயைத் திறந்துகொண்டு. எனக்கு முன்னால் ஓடிய மூன்று நாய்களை அது விழுங்கியிருந்தது. 'வாஹ்ட்' என்று பிப்பை உட்கார வைத்துவிட்டு முன்னே நடந்தேன். 'ஃப்ரை.' புறப்பட்டாள். பாலம், கழிகள், சீசா... ஒன்பது, பத்து. பிப் பதினொன்றை நோக்கி வருகிறாள். நான் இடது காலை ஊன்றி, இடுப்பைச் சாய்த்து, தோளை இறக்கி, நொண்டினேன்.

காற்றிலேயே திரும்பினாள். சுரங்கத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு வலதுகள். இரண்டிலும் நொண்டினேன். கடைசிக் கம்பியைத் தாண்டி, பிழையில்லாமல் முடித்து, நாங்கள் வெளியே வந்தபோது, சிவப்புச் சட்டை போட்ட முதலுதவிக்காரர் பையோடு ஓடி வந்து, "எந்தக் கால்?" என்றார். "என் கால் இல்லை" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

மெடல் எல்லாம் இல்லை. முடிவுப் பட்டியலில் முதல் பக்கத்தில் எங்களைத் தேடி, இரண்டாம் பக்கத்தில் கண்டுபிடித்தேன். கார் நிறுத்துமிடத்துக்கு வந்ததும் பிப் கயிறை இழுத்துக்கொண்டு பறந்தாள். அவர் கார் கதவைத் திறந்து, ஆறு நாளாகத் தடவாத தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் கழித்து என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இவ ஓடறதை நான் இன்னிக்குத்தான் முதல்முறையா நேரா பார்க்கிறேன். பக்கத்துல ஓடிட்டிருக்கும்போது எங்கே பார்க்கறது? இவ்வளவு அழகாவா ஓடறா?" என்றார். பிறகு, "நீ நொண்டினப்போ என் முட்டி வலிச்சுது" என்றார்.

நான் ஆம்ஸ்டர்டாமுக்கு ரயிலேறப் புறப்பட்டபோது பிப் அவர் காலடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். "பிப்" என்றேன். ஒரு காது மட்டும் அசைந்தது. கண் திறக்கவில்லை. அதுதான் சரி என்று நினைத்துக்கொண்டேன். முழுசாக நினைக்க முடியவில்லை என்பது வேறு.

மெல்போர்ன் வீட்டில் மணி என் பேன்ட்டை ஒரு கால் மணி நேரம் முகர்ந்தான். விசாரணை முடிந்து மன்னித்தான். மறுநாள் பயிற்சி மைதானத்தில் என் கணவரிடம் கயிறைக் கொடுத்து, "நீங்க இவனோட ஓடிப் பாருங்க. நான் பார்க்கணும்" என்றேன். அவர் "கோ" என்றார். மணி நகரவில்லை. "கோ! மணி, கோ!" ம்ஹூம். மைதானத்துக்கு வெளியே நின்ற நான், காலைக் குளிரில் லேசாகத் தொண்டையைக் கனைத்தேன். மணி அம்பு மாதிரி புறப்பட்டான்.

அந்த வருடக் கடைசியில் நெதர்லாந்திலிருந்து மெயில் வந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கைத்தடி இல்லாமல் நேராக நடக்கிறாராம். பிப்பை மறுபடி மைதானத்துக்குக் கூட்டிப்போனாராம். வலது திருப்பத்தில் பிப் நேரே சுரங்கத்துக்குள் போய், வெளியே வந்து அவரையே குழப்பமாகப் பார்த்தாளாம். 'பிஸியோதெரபிஸ்ட் நேராக நட என்கிறார், இவள் நொண்டு என்கிறாள். யார் பேச்சைக் கேட்பது?' என்று எழுதியிருந்தார். கூடவே ஒரு வீடியோ. சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன். புது முட்டியோடு, திருப்பத்துக்கு இரண்டடி முன்னால், டீச்சர் நன்றாகவே நொண்டினார்.